ஒரு கிழமைக்கு மட்டும்

பீல் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால்,
நீலச் சிலுவைச் சங்கத்தின் நிலவறையில்
குழாய் வெடித்த மாசி மாதம்
பழைய பதிவேடுகளைத் தூக்கி மேலே வைக்க
ஆள் வேண்டும் என்றார்கள்.
போனேன்,
வீட்டில் ஜெர்மன் வகுப்பு என்று சொல்லிவிட்டு.

நாலு வருடமாய் அதே வகுப்பு.
மொழி உண்மையிலேயே திருந்திவிட்டது.

அட்டை ஊறியிருந்தது. மை கரையவில்லை.
கொக்கியும் முள்ளுமாய் அந்தக் காலத்து எழுத்து
எனக்குப் பிடிபடவில்லை.
டோரிஸ் பிங்கெலி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
வாசித்துச் சொன்னாள்:
யாக்கோப் ஏஷ்லிமான், கடிகாரத் தொழிலாளி,
வயது முப்பத்திரண்டு. 1889, தை.
"கடவுளின் துணையோடு
ஒரு கிழமைக்குக் குடிக்க மாட்டேன்."

ஒரு கிழமைக்கு மட்டுமா?
அப்போதெல்லாம் தவணைதான் என்றாள்.
ஆயுளுக்கும் என்று கேட்டால்
அந்த நிமிடமே தாகமெடுக்கும்.

எந்தக் கடவுள் என்று நான் கேட்கவில்லை.
சேர்ந்த நாளிலும் கேட்கவில்லை.

மயிரிழைச் சுருளைச் சாமணத்தால் பிடித்து
சக்கரத்தில் இருத்துகிற கை அது.
தன் பெயரின் முதல் எழுத்தை
மூன்று இடத்தில் உடைத்திருக்கிறது.
பிறகு இரண்டு கிழமை. பிறகு ஒரு மாதம்.
பிறகு ஓரத்தில் வேறொருவர் கையால்
'விழுந்தார்' என்று ஒரே சொல், தேதியோடு.
அதற்குக் கீழ் வரியிலேயே
மறுபடியும் ஏஷ்லிமான், ஒரு கிழமைக்கு.

ஏசினதாய் எங்கும் இல்லை.
அன்றைய செலவு இருக்கிறது: சிக்கரி, பால், மெழுகுதிரி இரண்டு.
அதன் கீழே,
சம்பள நாளில் தொழிற்சாலை வாசலிலிருந்து
அவனோடு வீடுவரை நடக்க
தச்சர் ஷோரி, பால்காரர் லின்டர்.
வழியில் ஏழு மதுக்கடை என்று
கணக்கும் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது மூன்று என்றார்
டிராலிபஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்மாந்து.
யோசிக்காமல் சொன்னார்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு,
எங்கள் பக்கம் ஒரு பழமொழி என்று
தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன்.
அதனால்தான் பேசவிடாமல்
எழுதவைத்தார்கள் என்றார்.
சிரித்தோம். அந்தத் தெம்பில் இன்னொன்றும் சொன்னேன்:
எங்கள் மொழியில் குடி என்றால் சாராயம்,
குடி என்றால் குடும்பம்,
நான் மனுப்போட்டுக் காத்திருக்கிற குடியுரிமையிலும்
முதலில் நிற்பது அதே சொல்.

அப்படியானால் முதலில் எதை விட்டாய்
என்று கேட்டாள் டோரிஸ்.

ஈரத்தாளைப் பிரிக்கிற வேலை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பதினோராவது கையெழுத்து, 1896 ஐப்பசி.
தவணை எழுதுகிற கட்டம் வெறுமை.
அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கும் இல்லை.
செத்தானா, ஊர் மாறினானா,
விழுந்ததை எழுத ஆளில்லாமல் போனதா,
பதிவேட்டுக்குத் தெரியாது.
அந்தக் கடைசிக் கையெழுத்தாவது
நேராக இருக்கும் என்று நினைத்தேன்.
முதலாவதைவிட மோசம்.
மறு பக்கத்தில் கண்ணாடி போல் திரும்பித் தெரிகிற அளவுக்கு
பேனாவை அழுத்தியிருக்கிறான்.

ஹீட்டர் மேல் துணி விரித்து
புத்தகத்தை மல்லாத்தி வைத்துவிட்டு
கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.
பத்மலோஜினி இடியப்பத்தைச் சூடாக்கியபடி
இன்றைக்கு என்ன படிப்பித்தார்கள் என்றாள்.
தவணை என்றேன், ஒரு சொல்.
தட்டை வைத்தாள்.
திரும்பாமலே கேட்டாள்:
உங்களுடையது எந்த நாள் மட்டும்?

சட்டைப் பையில் நான் மறந்த நீல அட்டை
எந்தத் துவைப்பில் அவள் கையில் அகப்பட்டதோ.
எத்தனை வருடம்
பேசாமல் காயவைத்து மடித்து வைத்தாளோ.

வியாழன் மட்டும், என்றேன்.

அப்ப வியாழன் வரும்போது
மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ,
என்றாள்.